பேருக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு?

"குடுக்கற காசுக்குத் தகுமா?" என்பது கொங்கு நாட்டில் எதை வாங்கினாலும் எழும் கேள்வி. மோட்டார் வாங்கும்போது கேட்போம், மாடு பிடிக்கும்போது கேட்போம், பட்டுப்புடவைக் கடையில் மடியில் விரித்துப்போட்டுக் கேட்போம். கணக்குப் பார்ப்பது எங்கள் ஊரில் கஞ்சத்தனம் ஆகாது. அது ஒரு நிதானம். அந்தக் கேள்வியின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதை யார் கேட்கிறார்கள், யாருக்கு வாங்கும்போது கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எடுத்துக்கொண்ட பொருள் கிட்டார்.

தமிழ்த்துறையில் வேலை செய்பவளுக்குக் கிட்டாரோடு என்ன பேச்சு என்று கேட்கலாம். என் வகுப்பில் கவிதை எழுதுகிற மாணவியரில் சிலர் அதைத் தாங்களே மெட்டமைத்துப் பாட விரும்புகிறார்கள். அவர்கள் கையிலெடுக்க நினைக்கும் கருவி பெரும்பாலும் கிட்டார்தான். தூக்கிக்கொண்டு போகலாம், கற்றுக்கொள்ளக் காணொளிகள் கிடைக்கின்றன, பாடிக்கொண்டே வாசிக்கலாம், சாதி கேட்கும் குரு தேவையில்லை. வகுப்பு முடிந்ததும் வந்து நின்று, "மேம், பிராண்டு கிட்டார்தான் வாங்கணுமா, சாதாரணமே போதுமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி சிறியது. அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமென்றால் நிறையத் தூரம் போகவேண்டியிருக்கிறது.

காந்திபுரத்தில் ஓர் இசைக்கருவிக் கடையில் என் காதில் விழுந்த பேச்சு இது. பதினாறு வயதுப் பெண்ணும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள்.

"பொண்ணுக்குத்தானுங்க. சும்மா கத்துக்கறதுக்கு. இருக்கறதுல கம்மியா ஒண்ணு எடுங்க."

"நாலாயிரத்துல இருக்குதுங்க. ஆனா கம்பி கொஞ்சம் ஒசரமா இருக்கும், அம்மிணிக்கு வெரல் வலிக்கும். ஒம்பதாயிரத்துக்குப் போனீங்கன்னா நல்லாருக்குமுங்க."

"கண்ணாலம் ஆயிப்போனா இதையெல்லாம் யாரு தூக்கீட்டுப் போறா? நாலாயிரமே போதுமுங்க."

அந்த அப்பாவைக் கொடுமைக்காரராகச் சித்திரிக்க நான் விரும்பவில்லை. கடைவரைக்கும் மகளைக் கூட்டிவந்தாரே, அதுவே எத்தனையோ வீடுகளில் நடக்காது. அவர் கணக்கைக் கவனியுங்கள். நாளைக்கு அதே பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது கிரைண்டரில் மட்டமானதை எடுக்கமாட்டார். எந்தக் கம்பெனி, கல் எப்படி, மோட்டார் எத்தனை வருஷம் நிற்கும் என்று நாலு கடை ஏறி இறங்குவார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதன் தரத்தை மதிப்பிடுவதில் எங்கள் ஊர்ப் பெண்களை மிஞ்ச ஆளில்லை. மாவு பொங்குகிற விதத்தை வைத்தே கல்லின் குணத்தைச் சொல்லிவிடுவார்கள். அவள் ஊருக்கு அரைத்துப்போடும் கருவியில் தரம் பார்க்கிறோம். அவள் தனக்காக வாசிக்கும் கருவியில் "பொண்ணுக்குத்தானே" வந்துவிடுகிறது. மகனுக்கு வாங்கும்போது "நல்லதாவே ஒண்ணு வாங்கிப் போட்டுறலாம்" என்று சொல்லும் அப்பாக்களையும் அம்மாக்களையும் நான் கண்டிருக்கிறேன்.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. தமிழில் பெண்களுக்கு உரியவை என்று நாம் கொண்டாடும் இசைவடிவங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள்: தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு, கும்மி. எதற்கும் முதலீடு கிடையாது. குரல் இருந்தால் போதும். கும்மிக்குக் கையே கருவி. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை பாட உடுக்கை வேண்டும், கோயில் நோன்பியில் பம்பை வேண்டும், தவில் வேண்டும். காசு கொடுத்து வாங்கி, தோல் மாற்றி, பழுது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டிய கருவிகள் எல்லாம் பெரும்பாலும் ஆண்களின் தோளில்தான் தொங்கின. இப்போது வள்ளிக் கும்மி கொங்கு நாடெங்கும் ஆயிரக்கணக்கான பெண்களோடு அரங்கேறுகிறது. பார்க்கப் பெருமையாகவே இருக்கிறது. அங்கேயும் ஆடுவோர் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர், கருவி வாசிப்போரில் எத்தனை பேர் என்று பாருங்கள். பெண்ணின் இசை செலவில்லாத இசையாக இருக்கும்வரை அதை யாரும் தடுப்பதில்லை. செலவு என்று வந்த இடத்தில் கேள்வி தொடங்குகிறது.

இலக்கியத்திலும் இந்தக் கணக்கு உண்டு. பொருநராற்றுப்படை யாழை வருணிக்கும்போது, அதன்மேல் போர்த்த தோலுக்கு இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றை உவமையாக்குகிறது. கருவிக்குப் பெண்ணுடம்பைத் தந்த கற்பனை, கருவியின் உரிமையைப் பெண்ணுக்கு அவ்வளவு எளிதாகத் தரவில்லை. சிலப்பதிகாரத்தில் அரங்கேறிய மாதவிக்கு அரசன் தந்த மாலை 1008 கழஞ்சுப் பொன் பெறும். அதை ஒரு கூனி நகரத்து வீதியில் விலை கூறி நிற்கிறாள். வாங்குகிறவன் மாதவிக்குத் துணைவன். விலை மாதவியின் கலைக்குப் போடப்பட்டது போலத் தோன்றும், வாங்கப்படுவது மாதவிதான். பிறகு கடற்கரையில் யாழை வாங்கி, நரம்புகளைச் சோதித்துச் சரிபார்த்துக் கோவலன் கையில் கொடுக்கிறவளும் அவளே. கருவியை ஆயத்தம் செய்பவள் பெண், முதலில் பாடுகிறவன் ஆண். அவள் திருப்பிப் பாடியதும் அவன் எழுந்து போகிறான். இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகில் வந்துவிட்ட கதை. ஆனாலும் இசைக்கருவித் தொழிலின் இன்றைய வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு மாதவியின் நினைவு வந்துகொண்டே இருந்தது. அந்த வரலாற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் கூடுதல் காசு எதை வாங்கித் தருகிறது என்று பார்த்துவிடலாம்.

இதில் மூன்று படிகள் உண்டு. முதல்படி நாலாயிரம் ரூபாய்க் கிட்டார். இந்த விலையில் மேல்பலகை பிளைவுட்டாக இருக்கும். அதைவிட முக்கியம் கம்பிக்கும் கழுத்துப்பலகைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. இதை 'ஆக்ஷன்' என்பார்கள். 12ஆவது ஃப்ரெட்டில் (வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான்) தடித்த கம்பிக்குக் கீழே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் விரல் வலிக்காமல் அழுத்தலாம். நான்கு மில்லிமீட்டருக்குப் போய்விட்டால் ஒவ்வொரு சுரமும் ஒரு தண்டனை. ஃப்ரெட்டின் ஓரங்கள் அராவப்படாமல் விரலைக் கீறும். முறுக்காணிகள் பிடிப்பில்லாமல் சுருதி நழுவிக்கொண்டே இருக்கும். சுருதி நழுவும் கருவியில் பழகுகிற காது எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்ளும்?

இங்கேதான் "பொண்ணுக்குத்தானே" தன் வேலையைக் காட்டுகிறது. தொடக்கநிலையில் எல்லோரையும் மிரட்டுவது 'எஃப்' கார்டு. ஆள்காட்டி விரலால் மொத்தக் கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். நல்ல ஆக்ஷன் உள்ள கருவியில் அதற்குச் சில வாரங்கள் ஆகும். மோசமான கருவியில் அது வரவே வராது. மூன்றாம் மாதம் கிட்டார் பீரோவுக்கு மேலே ஏறிவிடும். "நாந்தான் அப்பவே சொன்னேனே, இதெல்லாம் அவளுக்கு வராதுன்னு" என்று வீடு தீர்ப்பு எழுதும். கம்பியின் உயரத்தால் நேர்ந்த தோல்வி, பெண்ணின் திறமைக்குறைவாகப் பதிவாகிவிடும். அவளும் அதை நம்பிவிடுவாள். மட்டமான கருவியின் உண்மையான விலை இதுதான். விலைச்சீட்டில் அது இருக்காது.

இரண்டாம் படி எட்டாயிரத்திலிருந்து பதினைந்து, இருபதாயிரம் வரை. இங்கே கொடுக்கிற ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கையில் தெரிகிற பலன் உண்டு. கழுத்து நேராக இருக்கும், சுருதி நிற்கும். விலை ஏற ஏற மேல்பலகை ஒரே மரத்தால் ஆனதாகக் கிடைக்கும். ஓர் இரகசியமும் உண்டு: ஐந்தாறாயிரத்து உள்ளூர்க் கிட்டாரைக்கூட வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கம்பி உயரத்தைக் குறைத்து, ஃப்ரெட்டை அராவிச் சரிசெய்து, மெல்லிய கம்பி போட்டு வாங்கினால் இந்தப் படியின் வாசலுக்கு வந்துவிடலாம். இதை 'செட்டப்' என்பார்கள். அதன் செலவு கிட்டாரின் விலையில் ஒரு சிறு பங்குதான். கடைகள் இதை விளம்பரப்படுத்துவதில்லை.

மூன்றாம் படியில் பெயர்கள் வருகின்றன. கிப்சன், மார்ட்டின், ஃபெண்டர். அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு கிப்சனோ மார்ட்டினோ இங்கே வந்து சேரும்போது லட்சங்களில் நிற்கிறது. இந்தப் பெயர்களின் கவர்ச்சி எவ்வளவு என்றால், ஓர் எழுத்து மட்டும் மாறிய 'கிவ்சன்' என்ற கொல்கத்தாக் கிட்டாரில்தான் இந்தியாவின் எத்தனையோ பேர் முதல் கார்டைப் பிடித்தார்கள். பத்தாயிரத்துக் கருவிக்கும் மூன்று லட்சத்துக் கருவிக்கும் ஒலியில் வேறுபாடு உண்டா? உண்டு. முப்பது மடங்கு வேறுபாடு உண்டா? இல்லை.

மரத்தை எடுத்துக்கொள்வோம். விலை உயர்ந்த கிட்டார்களின் பின்பலகைக்கு ரோஸ்வுட் பெரும்பெயர். முதலில் பிரேசில் ரோஸ்வுட்டைத்தான் பயன்படுத்தினார்கள். அது கிடைப்பது அரிதானபோது மார்ட்டின் கம்பெனி 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டிமரம். தோதகத்தி என்றும் சொல்வோம். கோவையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைகளின் மரம். 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பின்பலகை, பக்கப்பலகை மரம் தவிர மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கும்படி ஆறு கிட்டார்களைச் செய்வித்தார்கள். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சபேலே, வால்நட். 52 கிட்டார் கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி அணிந்துகொண்டு அவற்றை வாசித்தார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் விழுந்தது. கண்ணைக் கட்டியதும் விலை மறைந்துவிட்டது. அந்தப் பெருமைக்காக வெட்டப்பட்ட பிரேசில் மரத்துக்கு 1992லும், ஈட்டி உள்ளிட்ட அதன் முழுப் பேரினத்துக்கும் 2017லும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு விதிக்கவேண்டியிருந்தது. செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கும் கொடுத்துவிட்டார்கள்.

அப்படியென்றால் மிச்சக் காசு எதற்குப் போகிறது? பெயருக்கு. பெயர் என்பது என்ன என்பதைத் திருப்பூருக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு வெளிநாட்டார் விளக்கவேண்டியதில்லை. ஒரே தையல்வரிசையில், ஒரே பெண்ணின் கையில், ஒரே துணி. காலையில் ஒரு பெயரின் லேபிள், மதியம் இன்னொரு பெயரின் லேபிள். ஆர்டர் போக மிஞ்சியதோ சிறு பழுது என்று ஒதுக்கியதோ காதர்பேட்டையில் குவியலாகக் கிடக்கும். லேபிள் வெட்டப்பட்ட அந்தப் பனியனுக்கும் ஐரோப்பியக் கடையில் தொங்கும் பனியனுக்கும் நடுவில் இருக்கும் விலையின் பெயர்தான் பிராண்டு. அந்தத் தொகையில் தைத்தவளுக்கு வருவது எவ்வளவு என்று அவளைக் கேட்டால் சிரிப்பாள். நூலாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்கலப் பெயரில் இளம்பெண்களின் மூன்றாண்டு உழைப்பைத் திருமணத்துக்கான மொத்தத் தொகையாகப் பிடித்துவைத்த வரலாறும் இதே மண்ணில்தான் நடந்தது.

கிட்டாரின் வரலாற்றிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ஆண்கள் படைக்குப் போனார்கள். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் இருந்த கிப்சன் ஆலையில் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1942இல் அறிமுகமான 'ஜே-45' என்ற கிட்டாருக்கு அதன் 45 டாலர் விலையே பெயரானது. அந்த ஆண்டுகளின் கிட்டார்களில் தலைப்பகுதியில் ஒரு நாடாச் சித்திரம் இருக்கும். கிப்சனைத் தவிர வேறெதுவும் போதாது என்ற பொருளில் ஒரு வாசகம் அதில் இருக்கும். இன்று பழம்பொருள் சந்தையில் அந்த நாடா இருந்தால் விலை பல ஆயிரம் டாலர். ஆனால் போர்க்காலத்தில் கிட்டார் உற்பத்தி நிறுத்தப்பட்டிருந்தது என்றுதான் கம்பெனியின் வரலாறு நெடுங்காலம் சொல்லிவந்தது. ஆலைக்கு முன் எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் நிற்கும் ஒரு பழைய புகைப்படம் ஜான் தாமஸ் என்ற சட்டப் பேராசிரியரின் கண்ணில் பட்டது. அவர் உயிரோடிருந்த பெண்களைத் தேடிப் பேசி, 'கலமசூ கேல்ஸ்' என்ற நூலை எழுதினார். கிட்டார்களை எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தார். பெண்கள் செய்த கருவிகளின் உள்வேலை, ஆண்கள் முன்னும் பின்னும் செய்தவற்றைவிட மெல்லியதாக, நேர்த்தியாக இழைக்கப்பட்டிருந்தது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். எந்தக் காலத்துக் கருவிக்கு ஆண் சேகரிப்பாளர்கள் வாய்பிளந்து விலை கொடுக்கிறார்களோ, அந்தக் காலத்துக் கருவியைச் செய்தவர்கள் பெண்கள். விலை ஏறியது, பெயர் வளர்ந்தது, செய்த கைகள் மட்டும் வரலாற்றில் இல்லை. பெண்கள் வேலை செய்தார்கள் என்று சொன்னால் தரத்தைச் சந்தேகிப்பார்கள் என்று கம்பெனி அஞ்சியிருக்கலாம். "பொண்ணு செஞ்சதா?" என்ற சந்தேகமும் "பொண்ணுக்குத்தானே" என்ற அலட்சியமும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அபிகைல் இபாரா. மெக்சிக்கோ வம்சாவளிப் பெண். 1956இல் கலிபோர்னியாவில் ஃபெண்டர் கம்பெனியில் சேர்ந்து, மின்கிட்டாரின் 'பிக்கப்' சுற்றினார். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழையைப் போன்ற செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய ஒரு சிறு காயில். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது அதுதான். எந்தப் பிடிப்பில், எவ்வளவு இடைவெளியில் சுற்றுகிறோம் என்பது ஒலியை மாற்றும். கோவையின் மோட்டார் பம்ப் பட்டறைகளில் காயில் சுற்றும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையின் வேகமும் பொறுமையும் புரியும். இபாரா 2013வரை அந்த வேலையைச் செய்தார். கடைசி ஆண்டுகளில் அவர் கையால் சுற்றிய பிக்கப் என்பதே தனிப் பெருமையாகி, அதற்குத் தனி விலையும் வைத்தார்கள். உழைத்தவளின் பெயர் வெளியே வந்தது நல்லதே. ஆனால் அது வருவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. வந்ததும் அதுவும் ஒரு பிராண்டாக விற்பனைக்குப் போனது.

இன்னொரு வரலாறு தென்கொரியாவில் நடந்தது. கோர்ட் என்ற கம்பெனி தன் பெயரில் மட்டுமல்லாமல் உலகப் புகழ்பெற்ற வேறு பெயர்களுக்காகவும் கிட்டார் செய்துகொடுத்தது. 2007இல் அங்கே ஆலையை மூடி, உற்பத்தியைக் கூலி குறைந்த இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் கொண்டுபோனது. வேலையிழந்த ஆண்களும் பெண்களும் 2019 ஏப்ரலில் ஓர் உடன்பாடு ஏற்படும்வரை 4,400 நாட்களுக்கு மேல் போராடினார்கள். கிட்டார் செய்யத் தெரிந்த, ஆனால் வாசிக்கத் தெரியாத தொழிலாளர்கள் சிலர், போராட்டப் பந்தலில் கிட்டார் கற்றுக்கொண்டு ஓர் இசைக்குழுவையே அமைத்தார்கள். தான் செய்யும் பொருள் தனக்கானதல்ல என்ற நிலையைத் திருப்பூரில் தினமும் பார்க்கிறோம். அந்த நிலையை உடைத்து, செய்த கையே வாசிக்கவும் தொடங்கிய காட்சி என்னை மிகவும் அசைத்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். திறமை இருந்தால் எந்தக் கருவியிலும் வாசிக்கலாமே, எதற்கு இத்தனை பேச்சு? இதற்கு எலிசபெத் காட்டனைச் சான்று காட்டுவார்கள். அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக வீட்டுவேலை செய்து, மாதம் ஒரு டாலர்கூட எட்டாத கூலியில் சேர்த்து, 3.75 டாலருக்கு ஒரு மலிவான ஸ்டெல்லா கிட்டார் வாங்கினார். இடக்கைப் பழக்கம் உள்ளவர். வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். அந்த வாசிப்புமுறைக்கே பின்னாளில் அவர் பெயர் வந்தது. 1985இல், தொண்ணூறு வயதைக் கடந்தபின், கிராமி விருது பெற்றார். பாருங்கள், நாலு டாலர்க் கிட்டார் போதவில்லையா என்பார்கள்.

இந்தக் கதையின் நடுவில் இருப்பதை அவர்கள் சொல்வதில்லை. இளவயதில் திருமணம், குழந்தை, தேவாலயத்தில் கண்டிப்பு. கிட்டாரைக் கீழே வைத்தவர் பல பத்தாண்டுகள் தொடவில்லை. சீகர் என்ற இசைக்குடும்பத்தில் வீட்டுவேலைக்குப் போன இடத்தில், சுவரில் மாட்டியிருந்த அவர்கள் கிட்டாரை எடுத்துத்தான் மறுபடி வாசித்தார். அறுபது வயதைக் கடந்தபின்தான் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. அவருக்குக் கிடைக்காதது விலையுயர்ந்த கருவி மட்டுமல்ல. நேரம், தனிமை, "வாசி" என்று சொல்ல ஓர் ஆள். ஏழை மேதைகளைக் காட்டி ஏழைகளுக்கு மட்டமான கருவியே போதும் என்று வாதிடுவது, விழுந்து எழுந்த ஒருத்தியைக் காட்டி எல்லோரையும் தள்ளிவிடுவது போன்றது. எழாதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

உடம்பைப் பற்றியும் பேசவேண்டும். கடைகளில் அதிகம் தொங்கும் பெரிய உடல் கிட்டாருக்கு 'ட்ரெட்நாட்' என்று பெயர். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் அது. 1916இல் மார்ட்டின் அந்த வடிவத்தைச் செய்யத் தொடங்கியது. ஐந்தடி உயரப் பெண் அதை மடியில் வைத்தால் வலக்கை அதன் தோளைத் தாண்டி வளைய வேண்டும். மின்கிட்டாரில் 'லெஸ் பால்' நான்கு கிலோவைத் தாண்டும். 'செயின்ட் வின்சென்ட்' என்ற பெயரில் பாடும் ஆனி கிளார்க், மார்பை அழுத்தாத, எடை குறைந்த ஒரு கிட்டாரைத் தானே வடிவமைத்து 2016இல் வெளியிட்டார். பெண்ணின் உடம்பை நினைத்துச் செய்த கருவி வந்தது, லட்ச ரூபாயைத் தாண்டிய விலையில். 2018இல் ஃபெண்டர் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடத்திய ஆய்வு, புதிதாகக் கிட்டார் தொடங்குவோரில் பாதிப்பேர் பெண்கள் என்றது. சந்தை நம்மைக் கண்டுகொண்டுவிட்டது. அதில் மகிழ்ச்சி அடைவதற்கு முன், விற்பவர் நம்மை எண்ணியிருக்கிறார், செய்பவராக இன்னும் எண்ணவில்லை என்பதையும் நினைவில் வைப்போம். தஞ்சாவூரில் பிறந்து காசியில் இந்துஸ்தானி இசையை ஸ்லைடு கிட்டாரில் வாசிக்கும் கமலா சங்கர், தன் இசைக்கு ஏற்பக் கருவியையே மாற்றியமைத்து அதற்குச் 'சங்கர் கிட்டார்' என்று பெயர் வைத்தார். வாங்குபவள் என்ற இடத்திலிருந்து வடிவமைப்பவள் என்ற இடத்துக்குப் போன பெண்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

ஆகவே என் மாணவியருக்கு நான் சொல்லும் விடை இது. லட்ச ரூபாய்ப் பெயருக்காக ஏங்காதே. அந்தக் கூடுதல் தொகையின் பெரும்பகுதி உன் காதுக்குக் கேட்காது. அதேபோல, மட்டமானதைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதே. அதிலிருக்கும் குறை உன் குறையாக எழுதப்படும். கடையில் பெயரைப் படிக்காதே. 12ஆவது ஃப்ரெட்டில் இடைவெளியைப் பார். ஃப்ரெட்டின் ஓரத்தில் விரலை ஓட்டு. சுருதி சேர்த்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பார். மடியில் வைத்து உன் தோள் எங்கே நிற்கிறது என்று கவனி. சிறிய உடல் கிட்டாரைக் கேட்டு வாங்கு. ஏழாயிரத்துக்குக் கிட்டாரும் ஓராயிரத்துக்குச் செட்டப்பும், எட்டாயிரத்துக்கு வெறும் பெயரைவிட நல்லது. இரண்டு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் தப்பில்லை. கல்லூரிகள் நூலகத்தில் புத்தகம் வைப்பதுபோல நாலு நல்ல கிட்டார் வாங்கி வைத்து, மாணவியர் விடுதிக்கு எடுத்துப்போக விடலாம் என்பது நான் துறைக்கூட்டத்தில் தொடர்ந்து கேட்டுவரும் கோரிக்கை.

பெற்றோருக்கும் ஒரு சொல். கிரைண்டருக்குப் பார்க்கிற அதே கணக்கை இதற்கும் பாருங்கள், கூடவோ குறைவோ வேண்டாம். அவள் கல்யாணத்துக்குப் பிறகு தூக்கிக்கொண்டு போவாளா என்று கேட்கிறீர்கள். சீர்ச் சாமான்களோடு வண்டியில் அதையும் ஏற்றிவிடுங்கள், போய்விடும்.